அந்த இருபது தோட்டாக்கள்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பி, ஸ்கூட்டரை வாசல் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தபோது மாதப்பண்ணாவின் மனைவி சரோஜாவின் அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் அல்ல. "அக்கா, அவரு போயிட்டாருங்க்கா" என்றாள். பிறகு என்னைத் தேற்றுவதுபோல, "தூக்கத்துலயே போயிட்டாருங்க்கா, சிரமப்படல" என்றாள். ஸ்கூட்டரைப் பாதிச் சரிவில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எதிர்வீட்டுப் பெரியவர் வந்து வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆயிற்று மேடம் என்று கன்னடத்தில் கேட்டார்.

மைசூர் விஜயநகரிலிருந்து நஞ்சன்கூடு போகிற வழியில், பேருந்தில் உட்கார இடம் கிடைத்த பிறகுதான் நம் துப்பாக்கி கிளப்பின் வாட்ஸாப் குழுவைப் பார்த்தேன். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்திருந்தன. நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘நம்ம டூப்ளிகேட் மாதப்பா போயிட்டார். இனி யாரைக் கிண்டல் பண்றது?’ அதற்குக் கீழே அழுகிற முகங்கள். எழுதியவர் அன்பாகத்தான் எழுதியிருந்தார். எனக்கோ அந்தப் பெயரைப் படித்ததும் அழுகை நின்று கோபம் வந்தது. கோபம் அவர்மேல் இல்லை. மாதப்பண்ணாவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் நான்.

அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாம் சுடும் ரேஞ்சில் அவருக்காகக் கூடும்போது இதையே கன்னடத்தில் வாசிக்கப்போகிறேன். முதலில் தமிழில் எழுதுவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நானும் அவரும் பேசிக்கொண்டது தமிழில். அவரிடம் சொல்லிப்பார்க்காமல் நான் எதையும் மற்றவர்களிடம் சொன்னதில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதப்பன், தமிழ்நாட்டு எல்லைக் காட்டோரம் ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில், கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை. நானும் அவரும் ஒரே மாதத்தில்தான் கிளப்பில் சேர்ந்தோம். அப்போது எனக்கு நாற்பத்தாறு, அவருக்கு ஐம்பது. மகள் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நீளமாக இருந்ததால் நான் சேர்ந்தேன். அவர் எதற்குச் சேர்ந்தார் என்று கேட்டதற்கு, "ஒரு சாமான் சொன்ன எடத்துல போய் நிக்கோணும். அது எனக்குப் பிடிக்குமுங்க அம்மணி" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு அம்மணி. கிளப்பில் மற்ற எல்லாருக்கும் நான் பத்மா மேடம்.

சொந்தமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்க அவர் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியாது. காட்டோரத்து ஊர்க்காரன், தமிழ் பேசுகிறவன், துப்பாக்கி கேட்கிறான். இந்த மூன்றும் சேர்ந்தால் காவல் நிலையத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. எத்தனையோ முறை போய் நின்றுகொண்டே பதில் சொல்லியிருக்கிறார். எத்தனை மான் அடிக்கப்போகிறாய் என்று ஒருவர் கேட்டாராம். "சார், இதுல காகிதம் மட்டுந்தான் சாகும்" என்று இவர் சொல்ல, கேட்டவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். கடைசியில் லைசென்ஸ் வந்தது. பழைய பிஸ்டல் ஒன்று, ஒருவர் கை மாறியது, .22 அளவு. அதைப் பெட்டியில் பூட்டி, பெட்டியை மஞ்சள் துணிப்பைக்குள் வைத்து ரயிலில் கொண்டுவருவார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கல்யாணத் தாம்பூலம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த நாற்காலி விஷயத்தைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் ஒருநாள், மாநில அணியில் இடம் பிடித்த ஒருவர் புதுச் சட்டையோடு ரேஞ்சுக்கு வந்தபோது இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நீலச் சட்டை, முதுகில் மஞ்சள் எழுத்தில் கர்நாடகா என்று இருக்கும். "அம்மணி, எனக்கு மெடல் கூட வேண்டாமுங்க. அந்தச் சட்டை ஒண்ணு வேணும்" என்றார். எதற்கு என்றேன். "எங்க போனாலும் ‘நீ தமிழாப்பா’ன்னுதான் மொதல்ல கேக்கறாங்க. இங்கதான் பொறந்தேன், எங்கப்பனும் இங்கதான். முதுகுல பேரு இருந்தா யாரும் முன்னாடி வந்து கேக்கமாட்டாங்கல்லங்க." இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் வீட்டில் அந்தச் சட்டைக்கென்று சுவரில் ஒரு ஆணி அடித்துவைத்திருந்தார் என்று பின்னால் சரோஜா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சுடும்போது நடுவில் துப்பாக்கி நின்றுபோனால், யாரும் பார்ப்பதற்குள் நானே அதைத் திறந்து சரிசெய்யப் பார்ப்பேன். விதி வேறு. துப்பாக்கி நின்றால் அதைத் தொடக்கூடாது, முனையை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கி நிற்கவேண்டும். நடுவர் வந்து பார்த்து, உன் தப்பில்லை என்றால் அந்தச் சுற்றை மறுபடி சுடவிடுவார். தொட்டுவிட்டால் அந்த உரிமை போயிற்று. முதல் வருடம் நான் இப்படியே மூன்று சுற்றுகளைத் தொலைத்தேன். எல்லாரும் பார்க்கக் கையைத் தூக்கி நிற்பது எனக்கு அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட ஒன்றுக்குப் போகக் கை தூக்காமல் அடக்கிக்கொண்டிருந்த ஆள் நான்.

மாதப்பண்ணா இதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் டீ குடிக்கும்போது, "கை தூக்கறதுக்கு வெக்கப்படாதீங்க அம்மணி. தூக்குனாத்தான் ஆள் வருவாங்க. மறைச்சா நம்ம கையிலயே கெட்டுப்போயிரும்" என்றார். ரொம்பத் தெரிந்தவர் மாதிரிப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சல். அவரைவிட என் மதிப்பெண் அப்போது அதிகம். ஆனாலும் அடுத்த முறை நின்றபோது கையைத் தூக்கினேன். அந்த வருடம் பெண்கள் பிரிவில் ஒரு பதக்கம் வந்தது.

இனி அவருக்கு அந்தப் பெயர் வந்த வருடத்துக்கு வருகிறேன். நான்கு வருடங்கள் ஆகின்றன.

வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய போட்டித் தோட்டாக்கள் அந்த வருடம் நம் கிளப்புக்கு வரவில்லை. அனுமதிக் காகிதம் ஏதோ ஒரு மேசையில் படுத்துவிட்டது. கிடைத்தது வேறு வகை. அளவு அதேதான், ஆனால் வேகம் அதிகம், முரட்டுத்தனமும் அதிகம். பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும். போலி ஒன்றும் இல்லை, மாற்றுத் தோட்டா, அவ்வளவுதான். ஆனால் நம் ஆட்கள் முதல் நாளே அதற்கு டூப்ளிகேட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். துப்பாக்கி உடைந்துவிடும் என்றார் ஒருவர். போன வருடத்து மிச்சம் வைத்திருந்தவர்கள் அதைப் பொத்திப் பொத்திச் சுட்டார்கள். என்னிடமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மாதப்பண்ணா ஒருவர்தான் அதைத் திட்டவில்லை. "எங்கூர்ல தீவனம் மாத்துனா மாடு ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் திருப்பிக்கும். அதுக்காக மாட்டையும் அடிக்கக்கூடாது, தீவனத்தையும் கொட்டக்கூடாது. பழக்கோணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏழாம் எண் தடத்தில் நின்று அந்தத் தோட்டாவோடு மல்லுக்கட்டினார். டூல் ரூமில் சின்னதாக ஒரு அளவுகோல் செய்துகொண்டுவந்து, ஒவ்வொரு தோட்டாவின் அடிவிளிம்பையும் அளந்தார். தடிமன் ஒத்துப்போகிறவை ஒரு பக்கம், ஒத்துப்போகாதவை பயிற்சிக்கு. நோட்டு ஒன்று வைத்து எல்லாவற்றையும் கட்டம் போட்டுத் தமிழில் எழுதினார்.

முக்கியமான வேலை ஸ்பிரிங்கில். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. இந்தவகைப் பிஸ்டலில் தோட்டா வெடிக்கும்போது அந்த வேகத்திலேயே மேல்பாகம் பின்னால் போய், காலிக் கூட்டை வெளியே தள்ளும். பிறகு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை முன்னால் இழுத்து, அடுத்த தோட்டாவை ஏற்றும். தோட்டா முரடாக இருந்தால் மேல்பாகம் பின்னால் போய் மோதும், கை உதறும். அதனால் மாதப்பண்ணா இன்னும் விறைப்பான ஸ்பிரிங் ஒன்றைத் தேடிப் போட்டார். குறிபார்க்கும் அமைப்பையும் அதற்கேற்பத் திருகினார். ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை அவர் காட்டிய டார்கெட்டில் ஐந்து ஓட்டைகளும் ஒரு குங்குமச் சிமிழின் மூடிக்குள் இருந்தன. நல்ல தோட்டாவில்கூட நான் அப்படிச் சுட்டதில்லை.

நான் நம்பவில்லை. எல்லாம் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். "மாதப்பண்ணா, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? உங்க துப்பாக்கிக்கு ஒருநாள் நல்ல தோட்டா போட்டுப் பாருங்க, அப்புறம் தெரியும்" என்று கேலி செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இல்லீங்க அம்மணி, இதுக்குப் பழகிருச்சு. இனிப் பழைய தீவனத்தப் போட்டாலும் மூஞ்சியத் திருப்பிக்கும்" என்றார்.

இதை என்னிடம்தான் சொன்னார். என் காதில்தான் விழுந்தது. கழுதை யார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாநிலப் போட்டி அந்த வருடம் மைசூரிலேயே நடந்தது. பெண்கள் பிரிவு முதல் நாள். என் மிச்சத் தோட்டாவைப் போட்டுச் சுட்டு, தேசியப் போட்டிக்கு இடம் பிடித்துவிட்டேன். மறுநாள் மாதப்பண்ணாவின் முறை. எனக்கு ஒரே குறுகுறுப்பு. நான் நல்ல தோட்டாவில் சுட்டு மேலே போய்விட்டேன், இந்த மனுஷன் டூப்ளிகேட்டை வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அந்தச் சட்டை போய்விடுமே என்று. என்னிடம் பாதிப் பெட்டி இருந்தது. கொடுத்தால் வாங்கமாட்டார். ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன், வேண்டாமுங்க என்று திருப்பிவிட்டார்.

துப்பாக்கியை நடுவர்களிடம் எடை காட்டப் போகும்போது, தன் மரப்பலகையை என்னிடம் விட்டுப்போனார். அறுபது குழிகள் உள்ள பலகை, அவரே செய்தது. அறுபது தோட்டாக்கள் தலைகீழாக, அடிவிளிம்பு மேலே தெரிய வரிசையாக நின்றன. "இதக் கொஞ்சம் பாத்துக்குங்க அம்மணி" என்றார்.

பார்த்துக்கொண்டேன். கடைசி இரண்டு வரிசையில் இருந்த இருபது தோட்டாக்களை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டு, அந்தக் குழிகளில் என்னுடைய இருபது நல்ல தோட்டாக்களை வைத்தேன். கடைசி இருபதுதான் கடினமான சுற்று, பத்து நொடிக்கு ஐந்து சுடவேண்டும், அங்கேதான் நல்ல தோட்டா கைகொடுக்கும் என்று கணக்குப் போட்டேன். பார்க்க இரண்டுக்கும் ஒரே பித்தளைக் கூடு, ஒரே ஈய முனை. அடியில் பொறித்திருக்கும் சின்ன எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். சுடும்போது போடும் கண்ணாடியில் அவருக்கு அந்த எழுத்து தெரியாது. செய்து முடித்ததும் கோயிலில் விளக்கு ஏற்றிவிட்டு வந்ததுபோல ஒரு நிறைவு எனக்கு. அதைச் சொல்லத்தான் இப்போது ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

முதல் நாற்பது தோட்டாக்களை அவர் சுட்டதை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தன் வாழ்நாளிலேயே அப்படிச் சுட்டதில்லை. எல்லாம் அவருடைய மாற்றுத் தோட்டா, எல்லாம் அவருடைய ஸ்பிரிங். இடம் உறுதி என்று எங்கள் பக்கம் நின்றவர்கள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

நாற்பத்தொன்றாவது தோட்டா வழக்கத்துக்கு மாறாகக் கீழே போயிற்று. துப்பாக்கி நின்றது. மேல்பாகம் பாதிதான் பின்னால் வந்திருந்தது, காலிக் கூடு வாயில் சிக்கியிருந்தது. மாதப்பண்ணா துப்பாக்கியைத் தொடவில்லை. முனை டார்கெட்டைப் பார்த்தபடி இருக்க, இடது கையைத் தூக்கி நின்றார். நடுவர் வந்து பார்த்து மறுபடி சுட அனுமதித்தார். மறுபடி சுட்டார், இரண்டாவது குண்டிலேயே நின்றது. ஒருமுறைதான் மன்னிப்பு உண்டு. அதற்குப் பிறகு நின்றால், சுடாத குண்டுகளெல்லாம் பூஜ்யம்.

மறுபடி கை தூக்கி நின்ற அந்த முதுகைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. மெதுவான தோட்டா, விறைப்பான ஸ்பிரிங். தள்ள முடியவில்லை. பழைய தீவனம்.

தடுப்புக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். என் கையைத் தூக்கியிருக்கலாம். நடுவரே, தோட்டா மாறியிருக்கிறது, மாற்றியவள் நான் என்று சொல்லியிருக்கலாம். போட்டி நடக்கும்போது வெளியிலிருந்து பேசினால் அவரையே வெளியேற்றிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி விதி உண்டோ இல்லையோ, எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நடுவர் விலகிக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, "மிச்சம் இருக்கறதச் சுட்டுட்டே போறேன் சார்" என்று நான்கு சுற்றும் நின்று, துப்பாக்கி விட்டதை மட்டும் சுட்டார். ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கினார். ஒன்பது மதிப்பெண்ணில் இடம் போயிற்று.

வெளியே வந்ததும் நம் செயலாளர் ஸ்ரீகண்டையா, போட்டியில் யாராவது டூப்ளிகேட் போடுவார்களா, அப்போதே சொன்னேனே என்றார். பாசத்தில் வந்த கோபம்தான். மாதப்பண்ணா "ஆகலி, பிடி சார்" என்றார். கன்னடத்தில், போகட்டும் விடுங்கள் என்று அர்த்தம். அன்று சாயங்காலமே அவர் டூப்ளிகேட் மாதப்பா ஆகிவிட்டார். அடுத்த மாதம் கமிட்டி கூடி, அந்த வகைத் தோட்டாவை இனிக் கிளப் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டது. கமிட்டியில் நானும் ஒருத்தி. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். தூக்கினேன். அன்றைக்கு மட்டும் என் கைக்கு ஒரு கூச்சமும் வரவில்லை.

தேசியப் போட்டிக்கு நான் கிளம்பிய அன்று மைசூர் ரயில் நிலையத்துக்கு வந்தார். சரோஜா செய்த எள்ளுருண்டை ஒரு டப்பா. நான் அந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தேன். "கொஞ்சம் திரும்புங்க அம்மணி" என்றார். திரும்பினேன். அவர் கை என்மேல் படவில்லை, ஆனால் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறார் என்று முதுகுக்குத் தெரிந்தது. "எழுத்து நல்லா எடுப்பா இருக்குதுங்க" என்றார். அடுத்த வருஷம் உங்களுக்கும் அண்ணா என்றேன். "ஆமாங்க" என்றார். அடுத்த வருஷம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கையில் நடுக்கம். தேசியப் போட்டியில் நான் எத்தனையாவதாக வந்தேன் என்று யாரும் கேட்காதீர்கள். அந்தச் சட்டையை அதற்குப் பிறகு நான் போடவில்லை.

உடம்புக்கு முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ரேஞ்சுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். பத்துத் தோட்டா, பதினைந்து தோட்டா சுடுவார். எழுந்து எங்காவது போகும்போதெல்லாம் பலகையை என் பக்கம் தள்ளி, "இதக் கொஞ்சம் பாத்துக்குங்க அம்மணி" என்பார். பாவம், ஒன்றும் தெரியாமல் நம்புகிறாரே என்று நினைப்பேன்.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் எனக்கு வேலை. உண்மையை மறைத்திருந்தால் கிளெய்ம் கிடையாது என்று கடிதம் எழுதுவதுதான் இருபத்தேழு வருடங்களாக என் பிழைப்பு. இரண்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். கணவனுக்கு இருந்த வியாதியை விண்ணப்பத்தில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்றேன். "சொன்னாக் கெட்டுப்போயிருமோன்னு பயம் மேடம். நாள் ஆக ஆகச் சொல்றதுக்கு இன்னும் பயம்" என்றாள். அவளை அனுப்பிவிட்டு மத்தியானத்துக்கு மேல் லீவு எழுதிக்கொடுத்து நேராக நஞ்சன்கூட்டுக்குப் பஸ் ஏறினேன்.

மாதப்பண்ணா கட்டிலில் சாய்ந்திருந்தார். சரோஜா காபி போட உள்ளே போனதும், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "உக்காருங்க அம்மணி" என்றார்.

"உங்களுக்குக் கோபம் இல்லையாண்ணா?"

"அன்னைக்கே தெரியுமுங்க. காலிக் கூடெல்லாம் பொறுக்குனப்ப, வீட்டுக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். அடியில எழுத்து வேற. பலகை உங்ககிட்டதான இருந்துச்சு."

நான்கு வருடங்களாக, வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலெல்லாம் தெரிந்தேதான் அந்தப் பலகையை என்னிடம் விட்டுப்போயிருக்கிறார்.

"தெரிஞ்சுமா என்கிட்ட விட்டுட்டுப் போனீங்க?"

"வேற யாருகிட்ட உடறது? கெடுக்கோணும்னு செய்யலீங்களே."

"எல்லாரும் உங்களை டூப்ளிகேட்ங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னாக் கோளு, அம்மணி. நீங்க சொன்னா வெவரம்."

தலையணைக்குப் பக்கத்திலிருந்து அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். போட்டி நாள் பக்கம். முதல் நாற்பது தோட்டாவுக்கு நேரே எல்லாம் விவரமாக இருந்தது. கடைசி இருபதுக்கு நேரே, ‘வேற தோட்டா. ஸ்பிரிங் சரி. கை சரி’ என்று எழுதியிருந்தார். காரணம் என்ற கட்டம் மட்டும் காலி. அவர் நோட்டில் எந்தக் கட்டமும் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"அது உங்க கட்டமுங்க. நீங்க எழுதுவீங்கன்னுதான் உட்டு வெச்சேன்" என்றார்.

அப்போது எழுதியிருக்கவேண்டும். பேனாவும் பையில் இருந்தது. முதலில் கிளப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்து எழுதுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். "சொல்லுங்க. ஆனா என்னையக் காப்பாத்தறதுக்குன்னு சொல்லாதீங்க, எனக்கு அந்தப் பேரு பழகிருச்சு. அந்தத் தோட்டாவக் காப்பாத்தறதுக்குச் சொல்லுங்க. வெளிநாட்டுத் தோட்டா எல்லாருக்குமா எட்டும்? அது வரலேன்னா சுடறதையே உட்டுட்டுப் போறாங்க. அந்த நோட்டப் பாத்து ஸ்பிரிங் மாத்துனா அவங்களும் சுடலாம்" என்றார். அதற்குள் சரோஜா காபியோடு வந்துவிட்டாள். அவர் உடனே என் மகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை, நாலு பேர்தான் வந்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஸ்ரீகண்டையா பேரனுக்குப் பிறந்தநாள், எல்லாரும் கேக் சாப்பிட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். அதற்குப் பிறகு அலுவலகத்தில் ஆடிட் என்று இரண்டு வாரம் போகவே இல்லை. அதற்குப் பிறகு என்ன சாக்கு என்பதுகூட எனக்கு நினைவில் இல்லை. பயந்தவளுக்கு நாள் நட்சத்திரமா கிடைக்காது? பிறகு செவ்வாய்க்கிழமை வந்தது.

நஞ்சன்கூட்டில் நான் போய்ச் சேர்ந்தபோது அவரை வாசலில் கிடத்தியிருந்தார்கள். ராமாபுரத்திலிருந்து உறவினர்கள் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சரோஜா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தலைக்குமேல், திறந்திருந்த கதவு வழியே உள்சுவரில் அந்த ஆணி தெரிந்தது. அதில் ஒரு காலண்டர்கூட மாட்டாமல் வைத்திருந்தார்கள். என் அலமாரியில் மடித்துக்கிடக்கும் சட்டையை நினைத்துக்கொண்டேன். அதைக் கொண்டுவந்து அவர்மேல் போர்த்தலாமா என்று ஒரு நொடி தோன்றியது. உடனே விட்டுவிட்டேன். என் சட்டையைப் போர்த்திக் கணக்கை முடித்துக்கொள்ள அவர் சம்மதிக்கமாட்டார். அவருக்கு வேண்டியது வேறு.

லைசென்ஸ்காரர் போய்விட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். வியாழக்கிழமை அவர் மகன் கொண்டுபோய்க் கொடுத்தான். உட்கார நாற்காலி போட்டார்களாம். பிஸ்டலைச் சரிபார்த்த ஏட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் வைத்திருந்து நான் பார்த்ததில்லை என்றாராம். சரோஜா இதை என்னிடம் போனில் இரண்டு முறை சொன்னாள்.

மஞ்சள் துணிப்பையில் போட்டு அவள் எனக்குக் கொடுத்தது இரண்டு பொருள்கள். அறுபது குழிகள் உள்ள அந்தப் பலகையும் அந்த நோட்டும். "அக்காகிட்ட குடுத்துருன்னு அவரு முன்னமே சொல்லி வெச்சிருந்தாருங்க்கா" என்றாள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பலகையை மட்டும்தான். நோட்டு கிளப்புக்கு. அதை ஒவ்வொரு பக்கமாகக் கன்னடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தீர்மானத்தை ரத்து செய்யும்படி கமிட்டிக்கு என் கடிதத்தையும் அதோடு வைப்பேன். என்னைக் கமிட்டியில் வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் உங்கள் இஷ்டம்.

நேற்று அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். கட்டம் சின்னது, ரொம்ப எழுத இடமில்லை. ‘தோட்டாவை மாற்றி வைத்தவள் பத்மா. மாதப்பன் மேல் தப்பில்லை. அவருடைய தோட்டா மேலும் தப்பில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாரும் வரும்போது நான் ஏழாம் எண் தடத்தில் நின்றிருப்பேன். இடது கையைத் தூக்கியபடி நின்றிருப்பேன். ஆள் வந்து பார்க்கும்வரை கையை இறக்கக்கூடாது என்பது விதி.